தின்னக் கண்டனீரோ?

“இலையில இருக்கிறதெல்லாம் இலையைத் தின்னுறது எண்டு உமக்கு ஆர் சொன்னது?”

அவர் என்னோடு தமிழில் பேசிய முதல் வாக்கியம் இது. நான் அந்த ஆய்வுகூடத்தில் சேர்ந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலக்கீழ் அறை. வெப்பமண்டல மழைக்காடுகளில் பிடித்த பூச்சிகள் சின்னச் சின்னப் போத்தல்களில் மதுசாரத்தில் மிதந்தபடி அங்கே வந்து சேரும். ஒவ்வொன்றையும் படமெடுத்து, எந்த மரத்து இலையிலிருந்து எடுத்தது என்று கணினியில் பதிவது என் வேலை. அந்தப் பதிவில் ‘உணவு’ என்றொரு கட்டம் வெறுமையாக இருந்தது. இலையிலிருந்து எடுத்த வண்டு அந்த இலையைத்தானே தின்னும் என்று, நான் மரத்தின் பெயரையே அங்கும் போட்டுக்கொண்டு போனேன். அவர் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

“ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் நினைச்சன்.”

“தின்னக் கண்டனீரோ?”

“இல்லை.”

“அப்ப வெறுமையா விடும்.”

தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குச் சுட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு வயலுக்குப் போனவர். அம்மாவின் பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் பள்ளிக்கூடமாகவே இல்லாமல் போனது. வன்னியிலிருந்து வந்து குடியிருக்கும் லண்டன் குட்மேய்ஸ் வீட்டின் முன்னறையில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், நான் பட்டமளிப்பு அங்கியோடு நிற்கும் படம்தான் தொங்குகிறது. விளக்கு வைக்கும்போது அம்மா அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டுவார். அப்படிப்பட்ட என்னை ஒருவர் ஒரு கட்டத்தை வெறுமையாக விடச் சொல்கிறார். அன்று முழுவதும் நான் போட்ட பெயர்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அழிக்க அழிக்கக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி என்பது பாதியிலேயே விளங்கிவிட்டது.

மழைக்காட்டில் ஒரு இலையில் இருக்கும் பூச்சி எதற்காக இருக்கிறது என்று சொல்ல முடியாது. மழைக்கு ஒதுங்கியிருக்கலாம். காற்று கொண்டுவந்து போட்டிருக்கலாம். துணை தேடிக் காத்திருக்கலாம். இப்படி வந்து போகிறவற்றுக்கு எங்கள் தொழிலில் சுற்றுலாப் பயணி என்றே பெயர். பயணியை வீட்டுக்காரன் என்று எழுதிவிட்டால் காட்டைப் பற்றிய கணக்கே பிழைத்துப்போகும். ஒவ்வொரு மரத்துக்கும் அதற்கென்றே பூச்சிகள் இருக்கின்றனவா, அல்லது எல்லாம் எல்லாவற்றையும் தின்கின்றனவா என்பதுதான் அந்த அறையில் இருந்த எல்லோருடைய கேள்வியும். மரத்துக்கு மரம் வேறு என்றால், ஒரு மரம் அழியும்போது அதோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டமும் போகிறது.

மற்றவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் அண்ணை என்றேன். அங்கே ஒப்பந்தத்தில் இருந்த ஆய்வாளர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், வால்தம்ஸ்டோவில் தாயோடு இருந்தவர். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வாசித்தால் அவருக்குத் தெரியும்.

ஒல்லியான மனிதர். ஒரு சிறிய கைவில்லையைச் சப்பாத்துக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார், சட்டைக்குள்ளே, தாலி மாதிரி. எதையும் அதை வெளியே எடுத்துப் பார்த்த பிறகுதான் நம்புவார். ஒருமுறை இல்ஃபோர்டில் ஒரு தமிழ்க் கடையில் அவரைக் கண்டேன். முருங்கையிலைக் கட்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து வில்லையால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, உள்ளுக்கு இதைவிட வடிவான கட்டு இருக்கு,” என்றார் கடைக்காரர்.

“ஓட்டை இருக்கோ?”

“ஓட்டை இருந்தா நான் ஏன் விக்கிறன்?”

“அப்ப அதை ஒருத்தரும் தின்னேல்லை. நான் மட்டும் ஏன் தின்ன?”

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். “பாத்தியளே தங்கச்சி. சனம் எல்லாம் பூச்சி இல்லாத கீரை கேக்குது. இவருக்குப் பூச்சியின்ர எச்சில்தான் வேணும்.”

அவர் சிரிக்கவில்லை. ஓட்டை விழுந்த கட்டைத் தேடி எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பக்கத்து வீட்டு அன்ரியும் வந்திருந்தார். எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளை, வேலை முடிந்து யாரோ ஒரு பெடியனின் காரில் வந்து இறங்குகிறாள் என்று அன்ரி தொடங்கினார். தாய் தகப்பனுக்குத் தெரியாதாம், விஷயம் முற்றிவிட்டதாம்.

“நீங்கள் என்ன கண்டனீங்கள்?” என்றார் அவர், சோற்றைப் பிசைந்தபடி.

“காரில இருந்து இறங்கினதை என்ர ரெண்டு கண்ணால கண்டனான்.”

“அப்ப காரில வந்தவ. அதோட உங்கட கண் முடிஞ்சுது. மிச்சத்தைக் கண்டது ஆர்?”

அன்ரி அப்பளத்தை உடைத்தார். அதன்பின் அந்தப் பேச்சே எழவில்லை. அவர் போன பிறகு அம்மா சொன்னார்: “இந்தப் பிள்ளையைக் கிழமைக்கு ஒருக்கா கூப்பிட வேணும். எங்கட றோட்டே அமைதியாயிடும்.”

அந்த நாட்களில் அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என்னைப் பற்றியும் பலர் பலதும் சொல்லியிருக்கிறார்கள். பெட்டைப்பிள்ளையை இவ்வளவு படிப்பித்தால் என்ன ஆகும் என்று நடக்காத கதைகளெல்லாம் சொன்னார்கள். அவரைப் போல ஒருவர் எங்கள் வீட்டில் முன்னரே இருந்திருந்தால் அம்மா குறைவாக அழுதிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

அவருடைய கேள்விக்கு இன்னொரு முகம் இருந்ததை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில்தான் கண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவோடு போயிருந்தேன். அவருடைய தாய் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். தாய் சொன்ன பெயர் அண்ணையுடையது அல்ல. வெளியே வந்ததும் தாயே சொன்னார். அது இளைய மகனின் பெயர். போரின் கடைசி நாட்களில் வன்னியில் காணாமல்போனவன். அவனைக் கூட்டிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை.

“அந்தியேட்டியாவது செய்து விடுவம் எண்டு எத்தினை தரம் கேட்டிட்டன்,” என்றார் தாய். “பெரியவன் விடுறான் இல்லை. செத்ததைக் கண்டனீங்களோ அம்மா எண்டு கேக்கிறான். நான் என்னத்தைச் சொல்ல? காணேல்லைத்தானே.”

இறந்தவர் பெயரில் உயிரோடிருப்பவருக்குச் செய்வது போல அர்ச்சனை செய்யமாட்டோம். உயிரோடிருக்கக்கூடியவருக்கு அந்தியேட்டி என்ற இறுதிக் கிரியை செய்யமாட்டோம். இரண்டுக்கும் நடுவில் அந்தத் தாய் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தேங்காயோடு நின்றுகொண்டிருந்தார். மூத்த மகன் கோயிலுக்குள் வருவதில்லை. தெருவோரம் காரில் இருப்பார். அன்றைக்கு அவர் வில்லையை எடுத்துத் துடைப்பதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். எனக்கு அவரைப் பார்க்க ஏதோ பயமாக இருந்தது.

அடுத்த வருடம் இளந்தளிர்க் காலத்தில் அவரோடு காட்டுக்குப் போனேன். இலங்கையின் தென்மேற்கில், ஈரவலயத்தின் தாழ்நிலக் காடு. அப்பாவுக்கு வன்னிக் காட்டு மரமெல்லாம் தெரியும்: பாலை, வீரை, முதிரை. பாலை நின்றால் பக்கத்திலும் பாலை நிற்கும். இங்கே அப்படியில்லை. ஒரு மரத்தைக் கண்டபின் அதே இனத்தை மறுபடி காண நெடுந்தூரம் நடக்கவேண்டியிருந்தது. தாய்மரத்தின் காலடியில் விழும் விதை முளைத்ததும், அந்த மரத்துக்கென்றே அங்கே குடியிருக்கும் பூச்சிகள் தளிரைத் தின்றுவிடுகின்றன. தள்ளிப்போய் விழுந்ததுதான் தப்புகிறது. அந்த இடைவெளியில் வேறு மரங்கள் வருகின்றன. பூச்சிகள் கடித்துக் கடித்தே அந்தக் காட்டை இத்தனை விதமாக வைத்திருக்கின்றன. புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் அட்டை ஏறிய காலோடு, மழைக்குள், ஒரு மரமும் மற்றதைப் போல இல்லாத காட்டில் நின்றபோதுதான் நம்பினேன்.

ஓடைக்கரையில் மட்டும் நிற்கும் ஒரு குங்கிலிய இனத்து மரம்தான் அவர் ஆராய்ந்த மரம். அதன் தளிர்கள் சிவப்பாக, பிழிந்து போட்ட துணிபோலத் தொங்கும். அதில் நீலமாக மினுங்கும் ஒரு சிறிய இலைவண்டு. அது வேறு எதையாவது தின்னுமா என்று பார்க்கத்தான் போயிருந்தோம். பிடித்த வண்டுகளை வெறும் யோகட் கோப்பைகளில் போட்டு, பக்கத்து மரங்களின் இலையைப் பறித்து ஒவ்வொன்றாக உள்ளே வைப்போம். எங்கள் தொழிலில் பரவலாகச் செய்வதுதான். மழை விடாமல் பெய்த நாட்களில் இலை பறிக்கப் போக முடியவில்லை. வண்டுகள் வெறும் கோப்பைக்குள் இருந்தன. மழை விட்டதும் இலை வைத்தோம். ஒரு வண்டு விளிம்பில் ஏறி நின்றது. அவர் மேசைக்கு முன்னால் முழங்காலில் இருந்து வில்லையால் பார்த்தார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்.

“தின்னுது,” என்றார். “எழுதும்.”

எழுதினேன். அவர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை நான் வேறு எப்போதும் கண்டதில்லை.

லண்டனுக்குத் திரும்பிய பின் அவர் கட்டுரை வந்தது. நீல வண்டு அந்த ஒரு மரத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை, பக்கத்து மரங்களையும் தின்னும் என்பது அதன் முடிவு. நன்றி சொல்லும் வரியில் என் பெயர் இருந்தது. அம்மா அந்தப் பக்கத்தைச் சட்டமிட்டு முன்னறையில் மாட்டினார்.

சில காலத்துக்குப் பிறகு ஒரு சூழல் அறிக்கை என் கைக்கு வந்தது. நான் அப்போது அதே மரங்களைப் பற்றிக் கலாநிதிப் படிப்புத் தொடங்கியிருந்தேன். அந்த ஓடையை மறித்து ஒரு சிறிய மின்நிலையம், அதற்கு ஒரு வீதி. ஓடைக்கரை மரங்கள் போகும். அதனால் பாதகமில்லை என்றது அறிக்கை. அம்மரத்துப் பூச்சிகள் பக்கத்து மரங்களிலும் வாழக்கூடியவை. ஆதாரமாக அடியில் அவர் கட்டுரை.

அந்த வரியை வாசித்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம்தான் வந்தது. அப்பா இங்கே வந்த புதிதில் அகதிகள் விடுதியில் குளிர்ந்த பாணும் சீஸும் கொடுத்தார்களாம். பசியில் தின்றார். யாராவது அதைக் கண்டு, இந்த மனிதன் பாணில் வாழ்கிறவன், சோறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதிவைத்திருந்தால்? வெறும் கோப்பைக்குள் மழை விடும்வரை காத்திருந்த வண்டுகள் கண்முன் வந்தன. போதாததற்கு, பறித்த இலை. மரத்தில் நிற்கும் இலையின் பாலும் கசப்பும் பறித்த இலையில் அப்படியே இருப்பதில்லை; மரத்தில் தொடாத இலையையும் வண்டு கோப்பைக்குள் தின்னலாம்.

அடுத்த நாளே அவரிடம் போனேன். கோப்பைகள், மழை, பசி எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையையும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“தின்னக் கண்டனான்,” என்றார். “நீரும் கண்டனீர்.”

“திண்டதைக் கண்டம், அண்ணை. வளந்ததைக் கண்டனீங்களோ? அந்த இலையில முட்டை இட்டு, புழு வளந்து, திரும்ப வண்டா வந்ததை?”

கைவில்லையைச் சட்டைக்கு வெளியே எடுத்தார்.

“இல்லை,” என்றார். “காணேல்லை. வளராமல் விட்டதை நீர் கண்டனீரோ?”

“இல்லை.”

“அப்ப ரெண்டு பேரும் காணேல்லை. காணாததை எழுதாதையும். நானும் எழுதமாட்டன்.”

திரும்பப் பரிசோதிக்க அடுத்த தளிர்க் காலம் வரவேண்டும். அறிக்கைக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்லும் கெடுவோ அதற்கு முன்னரே முடிந்துவிடும். கோப்பைகளில் நடந்ததைச் சொல்லி அவர் ஒரு பக்கம் எழுதினால் போதும், கேட்பார்கள். கட்டுரை அவருடையது. அதைத்தான் நான் வேண்டினேன். அவர் கைவில்லையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்த மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தமும் முடிந்தது. மேசையைத் துப்புரவாக்கிவிட்டுப் போனார். ஒருவரிடமும் சொல்லவில்லை. தொலைபேசி எடுக்கவில்லை.

எங்கே காணலாம் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் வெஸ்ட் ஈலிங் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கார் வழக்கமான இடத்தில் நின்றது. கண்ணாடியைத் தட்டினேன். கதவைத் திறந்துவிட்டார். பக்கத்தில் ஏறி இருந்தேன்.

“நனையாதையும்,” என்றார். பிறகு, “ஓமெண்டு சொல்லமாட்டன். அதுக்குத்தானே வந்தனீர்?”

“ஓம், அதுக்குத்தான்.”

“பசியிலதான் திண்டது எண்டு நீர் நினைக்கிறீர். நினைக்கிறது வேற.”

நான் யோசித்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். “அண்ணை, தம்பி இல்லை எண்டு காணாமல் சொல்லேலாது எண்டுறியள். அது நியாயம். அப்ப அந்த மரம் போனாலும் வண்டு இருக்கும் எண்டு காணாமல் எப்பிடி எழுதினனீங்கள்?”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. மழைத்துடைப்பான் ஒரு தரம் போய் வந்தது. அவர் கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. ஏதாவது சொல்வார் என்று இருந்தேன். திட்டினாலும் பரவாயில்லை என்றிருந்தது.

பின்கதவு திறந்தது. தாய் தட்டோடு ஏறினார். முன்னுக்குச் சாய்ந்து மகனின் நெற்றியில் திருநீற்றைப் பூசினார். எனக்கும் பூசி, ஒரு வாழைப்பழத்தைக் கையில் வைத்தார். “என்ன பிள்ளை, கதைச்சுக் கொண்டிருக்கிறியள்? சாப்பிட்டியளோ?”

“ஓம் அம்மா, சாப்பிட்டனான்,” என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

இறங்கினேன். கார் போனது. அவரைக் கடைசியாகக் கண்டது அதுதான். அவர் எழுதவில்லை. தாய் இப்போதும் வெள்ளிக்கிழமை வருகிறார் என்றும், அர்ச்சனை அதே பெயருக்குத்தான் என்றும் அம்மா சொல்கிறார்.

நான் கேட்டது கொடுமையா என்று பல நாள் யோசித்தேன். தம்பியை அதற்குள் இழுத்திருக்கத் தேவையில்லை என்று அம்மா சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி அவருடையது. காணாத எதையும் நம்பாத அந்த மனிதர், தான் கண்ட அந்த ஒரு கடியை மட்டும் ஒருநாளும் கேள்வி கேட்கவில்லை. அவருக்கு ஏதாவது ஒன்றையாவது முழுதாகக் கண்டுவிட வேண்டியிருந்தது போலும். இதை நான் கண்டதில்லை. நினைக்கிறேன், அவ்வளவுதான்.

போன மாதம் அம்மாவிடம் வலைத்துணி கொடுத்துப் பைகள் தைக்கச் சொன்னேன். காற்சட்டை மாதிரி, இடுப்பு ஒன்று, கால் இரண்டு. ஒரு காலை ஓடைக்கரை மரத்தின் கிளையிலும், மற்றதைப் பக்கத்து மரத்தின் கிளையிலும் மாட்டிக் கட்டவேண்டும். இலை பறிக்கப்படாமல் மரத்திலேயே நிற்கும். வண்டை இடுப்பில் விட்டால், பசி இல்லாமல், தனக்கு வேண்டிய பக்கம் போகும். முட்டையிட்டால் அதையும் காணலாம்.

“ஆருக்கடி இந்தக் களுசான்?” என்றார் அம்மா, தையல் மெஷினை நிறுத்தி.

“வண்டுக்கு.”

“வண்டுக்கோ. அளவு எடுக்கேல்லையே.”

பைகள் பெட்டிக்குள் இருக்கின்றன. தளிர்க் காலத்துக்குப் பயணச்சீட்டும் எடுத்தாகிவிட்டது. ஆனால் கெடு அதுவரை காத்திருக்காது. அதனால் திங்கட்கிழமை என் கருத்தை எழுதி அனுப்பிவிட்டேன். கோப்பைகளைப் பற்றியும் மழையைப் பற்றியும் நான் கூட நின்று கண்டதை எழுதினேன். இந்த வண்டு வேறு மரங்களில் வாழும் என்று இன்றுவரை ஒருவரும் காணவில்லை, வாழாது என்று நானும் காணவில்லை, காணும்வரை அந்த மரங்களை வெட்டவேண்டாம் என்று முடித்தேன். கீழே அப்பாவின் பெயரோடு என் முழுப்பெயரைப் போட்டேன். அண்ணைக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

பிறகு ஆய்வுகூடத்துப் பதிவைத் திறந்தேன். இப்போது அதன் பொறுப்பு என்னிடம். நீல வண்டுக்கு நேரே, ஓடைக்கரை மரத்துக்கு அடுத்த ‘உணவு’ கட்டத்தில் அந்தப் பக்கத்து மரங்களின் பெயர்கள் இருந்தன. அவற்றைக் குறிப்புப் பகுதிக்கு மாற்றி, பசியில், பறித்த இலையில் என்று பக்கத்தில் எழுதினேன். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.